புருனே வண்டியின் ஃபைல்

முதலில் ஒன்று, ஐயா. உங்கள் ஸ்டேஷன் பேனா எழுதவில்லை. நான்கு தடவை உதறிப் பார்த்துவிட்டு, வாங்கி வைத்த என் பேனாவையே திருப்பிக் கேட்டு எழுதுகிறேன். உங்கள் ரைட்டர் நல்ல மனிதர்தான். ஆனால் என் பெயரைக் கலையரசு என்று எழுதி, அடித்து, மறுபடி கலைராசன் என்று எழுதினார். அடித்தல் திருத்தல் உள்ள தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் நடந்ததை நானே எழுதித் தருகிறேன். டீ நன்றாக இருந்தது, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

பெயர் கலையரசன். வயது ஐம்பத்தாறு. ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளஞ்சான் வீதியில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். மனைவி பொன்னுத்தாய். தொழில், வண்டிகளுக்குப் பதிவு வாங்கித் தருவது. ஊரில் புரோக்கர் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். திருச்சியில் வட்டாரப் போக்குவரத்து ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரமாக எனக்கு ஒரு மேஜை, ஒரு பிரின்டர், இரண்டு ஸ்டூல். முப்பத்தொரு வருடத்தில் நான் கட்டிக் கொடுத்த ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் யாரையும் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஆகாதவர்களையே கேளுங்கள்.

இதில் வித்தை ஒன்றும் இல்லை. பதிவு என்றால் என்ன? தாளில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஒத்துப்போகவில்லை என்றால் மற்ற புரோக்கர்கள் தாளைத் திருத்த ஓடுவார்கள். மனு, பிரமாணப் பத்திரம், நோட்டரி, இன்று போய் நாளை வா. முத்திரை விழுந்த தாளைத் திருத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வண்டி அப்படியா? அது இரும்பு. என்ன செய்தாலும் வாய் திறக்காது. அதனால் நான் தாளைத் தொட மாட்டேன், வண்டியைத்தான் சரி செய்வேன். இத்தனை வருடமும் என் சோறு இந்த ஒரு வழியில்தான் வந்தது.

ஹபீபுல்லா பாய் என் மேஜைக்கு வந்தது போன வருடம் நவம்பரில். தென்னூர்க்காரர், அறுபதைத் தொடும் வயது. இருபத்துநாலு வருடம் புருனேயில் ஒரு மரக் கம்பெனிக்கு டிரைவராக இருந்தவர். ஊரோடு வந்துவிடலாம் என்று முடிவு செய்து கிளம்பும்போது, மற்றவர்கள் போல் டிவியும் போர்வையும் வாங்காமல், தான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியையே கம்பெனியிடம் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. காட்டுக்குள் மரம் பார்க்கப் போகிற ரகம். அது தென்னூரில் அவர் சந்துக்குள் நுழையவே இல்லை. முனையில் நிறுத்தியதில் காய்கறி வண்டி, பால் வண்டி, ஸ்கூல் ஆட்டோ மூன்றும் நின்றுபோய், அவர் மனைவி நஜீமா அம்மா வெளியே வந்து, "ஊருக்கு வந்தவரு ஒரு யானைய ஓட்டிக்கிட்டு வந்திருக்காரே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். பாயே சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு ஆசை ஒன்றுதான். மகள் அல்ஷிஃபாவுக்கு ஜூன் கடைசியில் நிக்காஹ் பேசியிருந்தது. நிக்காஹ் முடிந்து மகளை அந்த வண்டியில் தானே ஓட்டிக்கொண்டு போய் மாமியார் வீட்டில் இறக்க வேண்டும்.

"மத்தவங்க பொண்ண எத்தனையோ தடவ கல்யாண வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருக்கேன் கலை சார். எம் பொண்ண ஓட்டிட்டுப் போகணும்" என்றார்.

பக்கத்து மேஜை பீமராவ் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். என்னோடு முப்பது வருடமாகத் தொழில் செய்கிறவன். "கலை, கப்பல்ல வந்த வண்டிக்கெல்லாம் நம்ம பக்கம் கை வைக்க ஆள் கிடையாதுப்பா. டூவீலரோட நிறுத்திக்க" என்றான். ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பாயிடம், "ஜூனுக்கு முன்னாடி நம்பர் பிளேட்டோட உங்க கையில கொடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சுங்கத்தில் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தால், இருக்கை ஐந்து என்று இருக்கிறது. வண்டியில் ஏழு. யாரோ தட்டச்சு செய்தவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பார், யாரைக் குறை சொல்ல? பின்னால் இருந்த இரண்டு இருக்கைகளையும் கழற்றினேன். அவற்றை நஜீமா அம்மா வீட்டுக் கூடத்தில் போட்டுக்கொண்டார். வருகிறவர்களை அதில்தான் உட்கார வைப்பார். பெல்ட்டும் இருக்கிறது, வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம். நிறம் வெள்ளி என்று இருந்தது, வண்டி வெள்ளை. பெயின்ட் அடித்தேன். பாய் வந்து பார்த்து, "வெள்ளையாத்தானேங்க ஏத்தி விட்டேன்?" என்றார். "உப்புக் காத்து பாய்" என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நல்ல மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை.

மூன்றாவதுதான் கொஞ்சம் நுணுக்கமான வேலை. வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரில் கடைசிக்கு முந்தின எண் மூன்று. தாளில் எட்டு. பதிவுக்குக் கொடுக்கும் படிவத்தில் அந்த நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே தாளில் ஏறும், சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதுதான். இந்தப் பிரிண்ட் எடுப்பதில் திருச்சியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இந்த வண்டியில் முன்பக்கம் வலது சக்கரத்தைக் கழற்றி, கீழே படுத்துத் தலையை உள்ளே நீட்டினால்தான் நம்பர் வசப்படும். திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடக்கரைப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அங்கே ஜாக்கி வைத்துத் தூக்கி, உளியும் சுத்தியலுமாக ஒரு பகல் உட்கார்ந்து மூன்றை எட்டாக்கினேன். மூன்றை எட்டாக்குவது சுலபம். எட்டு மூன்றாக வேண்டும் என்று வந்திருந்தால்தான் திண்டாட்டம்.

ஜனவரியில் எல்லாம் கூடி வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, பழைய கம்பெனி பாயைத் திரும்பக் கூப்பிட்டது. புது டிரைவருக்குக் காட்டுப்பாதை பிடிபடவில்லை, நாலைந்து மாதம் வந்து பழக்கிக் கொடுங்கள் என்று. இருபத்துநாலு வருடம் சோறு போட்டவர்கள் என்று அவரும் டிக்கெட் எடுத்துவிட்டார். இங்கே ஆபீஸில், வண்டியைக் கொண்டுவந்தவர் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும் என்றார்கள். நியாயமான விதிதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் ஜூன் மாதம்தான் வருவார். வந்த பிறகு ஆரம்பித்தால் நிக்காஹ்வுக்கு நம்பர் கிடைக்காது. பீமராவ் தினமும் காலையில், "யானை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பான்.

விதிகளை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கொண்டுவந்தவர் இறந்துவிட்டால் வாரிசு வந்து பதிவு செய்யலாம்.

இதைப் படித்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் வரவில்லை, ஐயா. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. புருனேயில் ஓர் ஆஸ்பத்திரி கொடுத்த இறப்புச் சான்றிதழை நானே செய்தேன். அப்படி ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. இதில் எந்த ஆபீஸருக்கும் பங்கு இல்லை, பாவம், அவர்கள் தாளைப் பார்த்தார்கள், தாள் சரியாக இருந்தது. முத்திரையை மட்டும் மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. தேதி பிப்ரவரி மூன்று. காரணம் என்ற இடத்தில் விபத்து என்று போட எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர். தூக்கத்தில் மாரடைப்பு என்று போட்டேன். அவருக்கு வலியே தெரிந்திருக்காது.

அதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கித் தலை முழுகினேன். தெரிந்தவர் தவறிப்போனால் முழுகுவதுதானே முறை. ஈரத் துண்டோடு வந்த என்னைப் பார்த்து பொன்னுத்தாய், "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வாடிக்கைக்காரர். தென்னூர் பாய்" என்றேன்.

"அய்யோ, பொண்ணுக்குக் கல்யாணம்னீங்களே" என்றாள். அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நஜீமா அம்மாவிடம் பதினோரு இடத்தில் கையெழுத்து வாங்கினேன். படிவம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. "எதுக்கு சார் இத்தன?" என்று கேட்டார். "வண்டிக்குத்தாம்மா" என்றேன். பொய் இல்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய இழப்பு, அந்த அம்மா சிரித்துக்கொண்டே எனக்குப் பிரியாணி எடுத்து வைக்கிறார். கூடத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்து இரண்டு வாய்க்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த வாரமே பாயிடமிருந்து போன் வந்தது. எடுத்துவிட்டேன். "மழ கொட்டுதுங்க இங்க. நம்பர் வந்துருச்சா?" என்று கேட்டார். இறந்துபோனவரிடம் பேசுவது எனக்கு என்னவோ போல் இருந்தது. வரும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் நம்பர் வந்தால் எடுப்பதில்லை.

மார்ச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார். நேர்மையானவர், ஒரு மணி நேரம் பார்த்தார். இருக்கை ஐந்து, சரி. நிறம் வெள்ளி, சரி. சேசிஸ் நம்பர், சரி. நம்பர் வந்துவிட்டது. பிளேட்டை மாட்டி ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பீமராவ் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். முப்பது வருடத்தில் அவன் வாங்கிக் கொடுத்த முதல் டீ. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூன் பதிமூன்று, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஹபீபுல்லா பாய் என் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து, நான் நஜீமா அம்மாவிடம் கொடுத்திருந்த ஆர்.சி. கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். உரிமையாளர் நஜீமா, காலஞ்சென்ற ஹபீபுல்லாவின் மனைவி என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்க வரும்.

"என்ன கலை சார், நம்மள மௌத்தாக்கி வச்சிருக்கீங்க" என்றார். சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "நஜீமாவுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் நெசமாவே மௌத்தாக்கிடுவா."

அவர் பிஸ்கட் டின்னைத் திறந்து என் பக்கம் தள்ளினார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"எனக்காகச் செஞ்சீங்கன்னு தெரியுதுங்க. ஆனா இருபத்தொம்பதாந்தேதி எம் பொண்ணுக்கு நிக்காஹ். அவளப் பெத்த அத்தாங்கற மொறையில நாந்தான் அவளுக்குப் பொறுப்பா நின்னு சம்மதம் சொல்லணும். நாளப்பின்ன எவனாவது இந்தத் தாளக் காட்டி, அத்தாதான் அப்பவே செத்துட்டாரே, சம்மதம் சொன்னது யாருன்னு கேட்டா, எம் புள்ள எங்கங்க போய் நிப்பா? திங்கக்கிழம நானே ஆபீசுக்குப் போறேன். உசுரோட ஒரு மனுசன் வந்து நின்னா நம்பித்தானே ஆகணும்?"

"ஃபைல் திரும்பிடும் பாய்" என்றேன்.

"உங்க பேரு என் வாயில வராதுங்க. ஏதோ தப்பா நடந்துபோச்சு, யாரோ செஞ்சுட்டாங்கன்னு சொல்லிக்கறேன். அல்லா மேல சத்தியம்" என்றார்.

அவர் சொன்னால் செய்வார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று பயந்துதான் செய்தேன் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை அடித்துவிடுங்கள். எனக்கு அந்தப் பயம் ஒரு நொடிகூட இல்லை. ஜெயில் என்ன, அங்கேயும் ஃபைல்கள் இருக்கும், எழுதத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். நான் யோசித்தது வேறு. தாள் ஒன்று சொல்கிறது, ஆள் ஒன்று சொல்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் நான் எதைத் திருத்துவேன் என்று மேலேயே எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டறைக்கு வரச் சொன்னேன். வண்டியை உங்கள் பேருக்கே மாற்றும் மனுவோடு புதிதாக ஒரு பென்சில் பிரிண்ட் வைக்க வேண்டும் என்றேன். அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். பாலத்தில் வரும்போது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று சொன்னார். சந்தோஷமாக இருந்தார். நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தேன். கீழே படுக்கப் போனேன்.

"நீங்க எந்திரிங்க. முட்டி வலின்னு சொல்றீங்க, எதுக்குப் படுத்துக்கிட்டு? என் வண்டி, நான் எடுக்கறேன்" என்று தாளையும் பென்சிலையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவரைப் படுக்கச் சொல்லவில்லை. அவர் படுக்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டீர்கள். தெரியவில்லை. அன்று இல்லாவிட்டால் மறுநாள் ஏதாவது ஒரு வழி வந்திருக்கும். எனக்கு வழி கிடைக்காமல் போனதில்லை.

பென்சிலைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். அழுத்த வேண்டாம், ஒரே பக்கமாகத் தேயுங்கள் என்றேன். நன்றாகக் கேட்டுக்கொண்டு செய்தார். பிரிண்ட் எடுத்த தாளை வெளியே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் தலை இன்னும் உள்ளேதான் இருந்தது. எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலை சார், இங்க எட்டுன்னு இருக்கே. எம் புருனே தாள்ல மூணுங்க. இருபது வருசமா பாத்த நம்பராச்சே" என்றார்.

"எட்டுதான் பாய் சரி" என்று சொல்லிவிட்டு ஜாக்கியின் கைப்பிடியை இடது பக்கம் திருப்பினேன். எண்ணெய் இறங்கினால் வண்டி இறங்கும். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. அவர் கால் இரண்டு தடவை அசைந்தது. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, அதை எடுத்து மற்றதோடு ஜோடியாக வைத்தேன். அவர் எடுத்த பிரிண்ட் பிசிறில்லாமல் வந்திருந்தது. முதல் தடவை எடுப்பவர்களுக்கு அவ்வளவு தெளிவாக வராது. அதை ஃபைலில் வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

நான் ஓடிப்போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பஸ் பிடித்து நேராகத் தென்னூருக்குத்தான் போனேன். யாராவது போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா? நஜீமா அம்மாவை உட்காரச் சொல்லி, பட்டறையில் நடந்ததைச் சொன்னேன். கவலைப்பட வேண்டாம், உங்கள் பேரில் எல்லாம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, புதிதாக ஒரு தாள்கூட எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னேன். அதைக் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. அடுப்பில் இருந்த சட்டியைத் திரும்பிப் பார்த்தார். "மீன் கொழம்பு வை, ஒரு மணிக்கு வந்துர்றேன்னாரு சார்" என்றார். "மணி ஒண்ணாகப் போகுதே" என்றார். இதையே நாலைந்து தடவை சொன்னார். பின்னால் அல்ஷிஃபா வந்து நின்றது. மருதாணி வைத்துப் பார்க்க ஒரு கையில் மட்டும் போட்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்னைப் பிடித்து உங்களிடம் கொண்டுவந்தார்கள். கை வைத்தார்கள், பரவாயில்லை.

நஜீமா அம்மா நாற்பது நாள் கடக்காமல் நிக்காஹ் வேண்டாம் என்று தள்ளி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தேவையே இல்லை. பிப்ரவரியிலிருந்து கணக்குப் பார்த்தால் நாற்பது எப்போதோ தாண்டிவிட்டது. யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மற்றபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சான்றிதழ் நான் செய்தது. நம்பர் நான் திருத்தியது. ஜாக்கியைத் திருப்பியது என் கை. யாரும் என்னைத் தூண்டவில்லை, மிரட்டவில்லை, நீங்களும் அடிக்கவில்லை. கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். உங்கள் தாளில் ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. ஹபீபுல்லா, இறந்த தேதி ஜூன் பதினைந்து, கொலை என்று போட்டிருக்கிறீர்கள். அரசாங்கம் முத்திரை வைத்து ஏற்றுக்கொண்ட ஃபைலில் அவர் பிப்ரவரி மூன்றாம் தேதியே தூக்கத்தில், வலி தெரியாமல் இறந்திருக்கிறார். நான் தலை முழுகியிருக்கிறேன், ஒரு வேளை பட்டினி கிடந்திருக்கிறேன், பொன்னுத்தாய் சாட்சி. நாலு மாதத்துக்கு முன்னால் இறந்துபோன ஒருவரை நான் எப்படி ஐயா கொன்றிருக்க முடியும்?